நோர்வே மாப்பிள்ளையின் நெற்றி

சுசிலா: இஞ்சாருங்கோப்பா, இப்ப எதில நிக்குது?

மரியநேசன்: நெத்தியில.

சுசிலா: நான் அரிசியை உலையில போடேக்கையும் நெத்தி எண்டுதானே சொன்னனீங்கள்?

மரியநேசன்: அது மேல் நெத்தி. இப்ப நடு நெத்தி.

சுசிலா: தம்பி அனிஸ்ரன், உவர் பகிடி விடுறாரோ, உண்மையோ?

அனிஸ்ரன்: உண்மைதான் அன்ரி. மாப்பிள்ளையின்ர படம் இன்ரர்நெற்றில மேல இருந்து கீழ ஒவ்வொரு கோடாத்தான் இறங்குது. லைன் சரியான ஸ்லோ.

சுசிலா: திங்கட்கிழமையும் ஸ்லோ எண்டனீ. நேற்றும் ஸ்லோ எண்டனீ. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில கம்பியூட்டர்க் கடை வைச்சு என்னவோ பெரிசா போர்ட்டும் போட்டிருக்கிறாய்...

மரியநேசன்: "எல்லா வேலைகளும் விரைவாகச் செய்து தரப்படும்." நானும் வாசிச்சனான்.

அனிஸ்ரன்: அது கடையில அங்கிள். இது வீட்டு லைன்.

சுசிலா: அப்ப கடையில இறக்கிக்கொண்டு வாவன்?

அனிஸ்ரன்: கடை லைன்... பழுது அன்ரி.

சுசிலா: எப்ப இருந்து?

அனிஸ்ரன்: திங்கட்கிழமை இருந்து.

மரியநேசன்: பாவம். எல்லாம் ஒரே நாளில வருது.

சுசிலா: ரெண்டு பேரும் கேளுங்கோ. மாப்பிள்ளையின்ர பிலோமினா மாமி இண்டைக்கு இரவு நோர்வேக்குப் பிளேன் ஏறுறா. நாலு மணிக்குக் கொழும்பில இருந்து போன் எடுப்பா. ஓமோ, இல்லையோ, ஒரு சொல்லு. சொல்லாட்டி மன்னாரில ஒரு பிள்ளையைப் பாத்து வைச்சிருக்கினம், அதை முடிச்சுப்போட்டுத்தான் போவா. எங்கட மகள் மகாராணியோ, முகம் பாக்காமல் ஓம் எண்டும் சொல்லமாட்டாவாம், இல்லையெண்டும் சொல்லமாட்டாவாம். பள்ளிப் பிள்ளையளுக்கு விளையாட்டுப் போட்டிப் பயிற்சி குடுக்கிறன் எண்டு அஞ்சு மணி மட்டும் பள்ளிக்கூடத்தில நிக்கிறாள். படம் வந்த உடன ஒரு போன் எடுத்தால் சைக்கிளில வந்திடுவாள். அவளின்ர சீவியம் உந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு. விளங்குதோ?

மரியநேசன்: விளங்குது. நெத்தியோட கிடக்கு.

சுசிலா: அப்பிடி என்ன நெத்தி அது?

மரியநேசன்: மேல ஒரு விரற்கடைக்குக் கறுப்பா வந்தது. அது தலைமயிர். அதுக்குப் பிறகு இவ்வளவும் மண் நிறத்தில நெத்தி. பெரிய அறிவாளியா இருக்க வேணும். நாயாத்துக் களப்பில நான் ஒருக்கா ஒரு சுறா பிடிச்சனான், தம்பி...

சுசிலா: தொடங்கிட்டார். நான் குசினிக்குப் போறன்.

மரியநேசன்: வெள்ளிக்கிழமை பின்னேரம் தலை வந்தது. கரையில நிண்ட எல்லாரும் பிடிச்சு இழுக்கிறம், இழுக்கிறம்... வால் வந்தது ஞாயிறு ரெண்டாம் பூசை முடிஞ்சாப் பிறகு.

அனிஸ்ரன்: சனிக்கிழமை, அங்கிள்?

மரியநேசன்: சனிக்கிழமை முழுக்க முதுகு. சிரிக்காதை. தலையை வித்த காசில முள்ளியவளையில வால் வாங்கின சனம் இருக்கு. சரி, நீ சொல்லு. திங்கட்கிழமை மோடத்தைக் கழட்டினாய். நேற்று அதைத் திரும்பப் பூட்டினாய். இண்டைக்கு என்ன?

அனிஸ்ரன்: இண்டைக்கு... எல்லாத்தையும் ஒருக்கா ஆறுதலாப் பாப்பம் எண்டு.

மரியநேசன்: ஆறுதலா.

அனிஸ்ரன்: அவசரப்பட்டால் பிழைக்கும் அங்கிள்.

மரியநேசன்: உதில கீழ எழுதிக் கிடக்கிறது என்ன? காலமை "மிச்சம் நாற்பது நிமிசம்" எண்டு வாசிச்சனீ.

அனிஸ்ரன்: இப்ப ரெண்டு மணித்தியாலமாம்.

மரியநேசன்: நேரம் போகப் போக நேரம் கூடுற சாமானை இப்பதான் காணுறன். எனக்கு அறுபத்திமூண்டு வயசு. உதைப் பக்கத்தில வைச்சுக்கொண்டிருந்தால் வாலிபனாப் போவன் போல.

அனிஸ்ரன்: அங்கிள்... நிறா எத்தனை மணிக்கு வருவா எண்டு...

மரியநேசன்: ஆர்?

அனிஸ்ரன்: ரீச்சர். நிறஞ்சனா ரீச்சர்.

மரியநேசன்: அஞ்சு மணிக்கு. படம் வந்தால் முந்தியும் வருவாள். ஏன்?

அனிஸ்ரன்: மவுஸ் பிடிக்கக் காட்டிக் குடுக்கிறன் எண்டு சொன்னனான்.

மரியநேசன்: மார்கழி தொடக்கம் காட்டிக் குடுக்கிறாய். எங்கட வீட்டு ஆட்டுக்கே இப்ப மவுஸ் பிடிக்கத் தெரியும்.

அனிஸ்ரன்: நான்... வெளியில போய் வயரை ஒருக்காப் பாத்திட்டு வாறன்.

மரியநேசன்: நில், நானும் வாறன். கால் விறைச்சுப்போச்சு.

அனிஸ்ரன்: போஸ்ட்டில இருந்து இந்த முருங்கையடிக்கு வந்து... இஞ்ச இருந்து வீட்டுக்க போகுது. அது சரி... அங்கிள், வயரில என்ன தொங்குது?

மரியநேசன்: கட்டா மீன் கருவாடு.

அனிஸ்ரன்: டெலிபோன் வயரிலயோ?

மரியநேசன்: வியாபாரத்துக்கு மன்னாரில இருந்து எடுப்பிச்சது. ஈரம் காயாமல் வந்திட்டுது. நல்ல வெயில் விழுகிற இடம்.

அனிஸ்ரன்: எத்தனை கிலோ?

மரியநேசன்: இதில ஒரு ஆறு. ஏன், வேணுமோ?

அனிஸ்ரன்: ஐயோ அங்கிள், பாருங்கோ. வயர் பொருத்தின இடத்துக்கு நேர மேல தொங்குது. உப்புத்தண்ணி வடிஞ்சு வடிஞ்சு செம்பெல்லாம் பச்சை பிடிச்சுப் போய்க் கிடக்கு. இது... இது உண்மையாவே பழுது!

மரியநேசன்: உண்மையாவே எண்டால்? இவ்வளவு நாளும் சொன்னது?

அனிஸ்ரன்: இல்லை... இதுவும் உண்மை எண்டு சொன்னனான்.

மரியநேசன்: அப்ப இதைத் துடைச்சால் நெத்தி கெதியா இறங்குமோ?

அனிஸ்ரன்: இறங்கத்தான் பாக்கும்.

மரியநேசன்: ம்.

அனிஸ்ரன்: ம்.

மரியநேசன்: துடைக்கத்தான் வேணுமோ?

அனிஸ்ரன்: அன்ரி யன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறா.

மரியநேசன்: அப்ப துடை.

சுசிலா: இஞ்சாருங்கோ! ஆர் உங்களைக் கருவாட்டைக் கழட்டச் சொன்னது?

மரியநேசன்: இதாலதானாம் லைன் இரையுது. மாப்பிள்ளை உப்புக்குள்ள சிக்கிப்போனார்.

சுசிலா: விசர்க் கதை. கருவாட்டுக்கும் கம்பியூட்டருக்கும் என்ன? நாளைக்கு நெடுங்கேணிக் கடைக்காரர் வருவார், காயாட்டி எடுக்கமாட்டார். அதுகளை இருந்த இடத்திலயே போடுங்கோ.

அனிஸ்ரன்: அன்ரி, டெலிபோன் கந்தோர் ஆக்கள் வந்து பாக்கேல்லையோ?

மரியநேசன்: போன மாசம் ஒரு பெடியன் வந்தவன். நான் கடையில. சுசிலாதான் கதைச்சவ.

அனிஸ்ரன்: அவர் ஒண்டும் சொல்லேல்லையோ அன்ரி?

சுசிலா: என்னவோ சொன்னவன். பிளேன்ரீ குடிச்சவன், போனவன். எனக்கு ஞாபகமில்லை. கதையை விட்டுட்டு அலுவலைப் பாருங்கோ. ரெண்டு மணியாகுது!

அனிஸ்ரன்: சரி அன்ரி, துடைச்சு ரேப்பும் சுத்திப்போட்டன். வாங்கோ அங்கிள், புதுசா எடுத்துப் பாப்பம்.

மரியநேசன்: மோடம் கத்துது பார், வலையில அம்பிட்ட கொக்கு மாதிரி. கொழும்பில எடுக்கிறவனுக்குக் காது நோகாதோ?

அனிஸ்ரன்: அங்க மனிசர் இல்லை அங்கிள், மெசின்.

மரியநேசன்: மெசினுக்கும் ஒரு பொறுமைதான். அது சரி, உதில உள்ள இலக்கம் என்ன? ஒன்பதினாயிரத்து அறுநூறு?

அனிஸ்ரன்: அது... வேகம்.

மரியநேசன்: இந்த மோடம் ஐம்பத்தாறாயிரம் எண்டு நத்தார்ப் பண்டிகைக்குப் பூட்டேக்க நீதானே சொன்னனீ?

அனிஸ்ரன்: வெயிலுக்குள்ள அவ்வளவு ஓடாது அங்கிள். சூடாகும்.

மரியநேசன்: ஓ. சூடு.

அனிஸ்ரன்: நாங்கள்தான் கொஞ்சம் குறைச்சு விட வேணும்.

மரியநேசன்: நல்ல காலம் நீ வந்தாய். தெரியாத ஒருத்தன் வந்திருந்தால் ஓட விட்டுப் பெட்டியை எரிச்சிருப்பான்.

சுசிலா: சாப்பாடு இஞ்சயே கொண்டந்திட்டன். எழும்பாதேங்கோ, அதை விட்டுட்டு. தம்பி, நண்டுக் கறி. இஞ்சாருங்கோ, பெரிய கால் ரெண்டும் அவனுக்கு.

மரியநேசன்: முப்பத்தாறு வருசமா இந்த வீட்டில பெரிய கால் எனக்கு.

சுசிலா: நீங்கள் என்ன படமோ இறக்குறீங்கள்? சாப்பிடு தம்பி. இப்ப எதில?

அனிஸ்ரன்: முதலில இருந்து தொடங்கினது அன்ரி. தலைமயிர் முடிஞ்சு... நெத்தி தொடங்குது.

சுசிலா: என்ர ஆண்டவரே.

மரியநேசன்: அவசரப்படாதை. இது எவ்வளவோ கெதி. சண்டையில பாதை பூட்டி நாங்கள் உள்ளுக்க கிடக்கேக்க எங்கட மகன் றொமேஸ் பாரிசில இருந்து ஒரு கடிதம் போட்டவன். "உங்கட சிநேகிதர் ஹமீட் காக்காவின்ர மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுதாம்" எண்டு. கடிதத்தைக் கொண்டுவந்து தந்தது ஆர் தெரியுமோ? அந்தப் பிள்ளை.

அனிஸ்ரன்: அங்கிள்!

மரியநேசன்: சைக்கிளில வந்தது. மீசை அரும்பிப்போச்சு.

சுசிலா: புழுகாதேங்கோ, சோறு புரைக்கேறும். தம்பி, போன மாசம் றொமேஸின்ர படமும் இப்பிடித்தான் வந்தது. நான் இந்தக் கதிரையில இருந்து பாத்தனான். தலை வந்தது, நெத்தி வந்தது... சின்னனில மரத்தால விழுந்த தழும்பு வந்தது. கண்ணுக்குக் கிட்ட வரேக்க கரண்ட் நிண்டுபோச்சு.

அனிஸ்ரன்: பிறகு வந்ததுதானே அன்ரி?

சுசிலா: அடுத்த நாள் வந்தது. அண்டைக்கு இரவு முழுக்க எனக்குக் கண்ணில்லாத பிள்ளைதான். அவன் போய் ஏழு வருசம்... சரி, சரி, சாப்பிடுங்கோ. கண்ணைக் கொண்டு வா முதல். நான் சட்டியைக் கழுவிப்போட்டு வாறன்.

மரியநேசன்: தம்பி.

அனிஸ்ரன்: சொல்லுங்கோ.

மரியநேசன்: தெரியாமல்தான் கேக்கிறன். இது இறங்கிக் கொண்டிருக்கேக்க ஆரும் எங்களுக்குப் போன் எடுத்தால் மணி அடிக்குமோ?

அனிஸ்ரன்: அடிக்காது அங்கிள். ஒரே வயர்தானே. எடுக்கிறவைக்கு எங்கேஜ் சத்தம்தான் கேக்கும்.

மரியநேசன்: எவ்வளவு நேரத்துக்கு?

அனிஸ்ரன்: இது இறங்கி முடியுமட்டும்.

மரியநேசன்: இறங்கி முடியாட்டி?

அனிஸ்ரன்: ...முடியாட்டி, முடியுமட்டும்.

மரியநேசன்: சீ. பாவம் பிலோமினா மாமி. அதைப்பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அனிஸ்ரன்: நானும் யோசிக்கேல்லை அங்கிள்.

மரியநேசன்: கொஞ்சம் நண்டு போடு. பெரிய காலில ஒண்டைத் தா.

அனிஸ்ரன்: ரெண்டையும் எடுங்கோ.

சுசிலா: நாலு பத்து! ஏன் இன்னும் மாமி எடுக்கேல்லை?

மரியநேசன்: பெட்டி கட்டிக்கொண்டிருப்பா. நோர்வேக்குப் போறதெண்டால் மிளகாய்த்தூளே பத்துக் கிலோ வேணும்.

சுசிலா: படம்?

அனிஸ்ரன்: கீழ் நெத்தி அன்ரி. அடுத்தது கண்புருவம்தான்.

சுசிலா: அந்த மனிசனுக்கு முகமே இல்லையோ?... ஆர் கூப்பிடுறது? ஓம், ஞானேஸ்வரி! என்ன? வேலிக்குக் கிட்ட வந்து சொல்லுங்கோ! ஆரிட்ட இருந்து?

மரியநேசன்: என்னவாம்?

சுசிலா: எங்கட லைன் கிடைக்கேல்லையெண்டு பிலோமினா மாமி பக்கத்து வீட்டுக்கு எடுத்திருக்கிறா. வைச்சிடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாவாம். நான் போறன்.

மரியநேசன்: நில் சுசிலா, நானும்...

சுசிலா: நீங்கள் நெத்தியைப் பாருங்கோ!

மரியநேசன்: ஞானேஸ்வரி வீட்டு நம்பரை அவவுக்கு ஆர் குடுத்தது?

அனிஸ்ரன்: அன்ரி என்ன சொல்லுவா அங்கிள்?

மரியநேசன்: என்னத்தைச் சொல்லுவா? மூண்டு நாளா உந்தச் சம்பந்தம் எண்டு நிக்கிறா. ஓம் எண்டுதான் சொல்லுவா.

அனிஸ்ரன்: நிறா இல்லாமல் எப்பிடி ஓம் எண்டு சொல்லுறது? அவ வந்து முகம் பாத்துத்தானே...

மரியநேசன்: இப்ப ஆர், நிறாவோ ரீச்சரோ?

அனிஸ்ரன்: ...அங்கிள், உங்களிட்ட ஒரு விசயம் சொல்ல வேணும்.

மரியநேசன்: ஒன்பதினாயிரத்து அறுநூறோ?

அனிஸ்ரன்: தெரியுமோ?

மரியநேசன்: ஒருத்தன் தன்ர வலையில தானே ஓட்டை விடுறானெண்டால், ஒண்டில் அவனுக்கு விசர். இல்லையெண்டால் அந்த மீன் கரைக்கு வாறதில அவனுக்கு விருப்பமில்லை. உனக்கு விசர் மாதிரித் தெரியேல்லை.

அனிஸ்ரன்: தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?

மரியநேசன்: வவுனியாவில கெட்டிக்காரக் கம்பியூட்டர்க் காரர் நாலு பேர் இருக்கினம். அதில ஒருத்தனைக் கூப்பிட்டிருந்தால் திங்கட்கிழமையே படம் வந்திருக்கும். நான் ஏன் உன்னைக் கூப்பிட்டனான்? எங்கட பிள்ளை என்னட்ட வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் நீ வாற நாளில மட்டும் அவளுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாமல் போகும். நாலு மணி எங்கேஜிலயே போனால், மாமி பிளேன் ஏறிடுவா, ஒருத்தருக்கும் மனநோவில்லை எண்டு நினைச்சனான். சுசிலாவுக்கு முன்னால நிண்டு வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு எனக்கு எங்கயடா துணிவு? ஆறு முழச் சுறாவுக்குப் பயமில்லை.

அனிஸ்ரன்: ஞாயிறு வரைக்கும் இழுத்த சுறா ஆறு முழம்தானோ?

மரியநேசன்: இப்ப கணக்குப் பாக்கிற நேரமோ? ஏத்தடா வேகத்தை. எல்லாம் போச்சு. முகத்தையெண்டாலும் பாப்பம்.

அனிஸ்ரன்: சரி... திரும்ப எடுக்கிறன். கத்துது... பிடிச்சிட்டுது. அங்கிள், லைன் நல்லா இருக்கு! துடைச்ச பிறகு பறக்குது.

மரியநேசன்: தலைமயிர்... நெத்தி... நெத்தி... முடிஞ்சுது. அடுத்தது கண்ணோ?

அனிஸ்ரன்: இல்லை அங்கிள். தலைமயிர்.

மரியநேசன்: நெத்திக்குக் கீழயோ?

அனிஸ்ரன்: அது நெத்தியில்லை. சுவர்.

மரியநேசன்: சுவரோ?

அனிஸ்ரன்: மண் நிறச் சுவர். மேல கறுப்பாத் தெரிஞ்சது யன்னல் சட்டம். ஆள் இப்பதான் தொடங்குறார்.

மரியநேசன்: மூண்டு நாளா ஒரு சுவரையோ நாங்கள்... சீ, பெடியனுக்கு என்ன மயிரடா! சுருள் சுருளா.

அனிஸ்ரன்: கண் வந்திட்டுது.

மரியநேசன்: நல்ல கண்.

அனிஸ்ரன்: மூக்கும்... வடிவுதான், அங்கிள்.

மரியநேசன்: சிரிப்பைப் பார். என்ர கலியாணப் படத்தில நான் நிண்ட மாதிரி.

அனிஸ்ரன்: அப்ப நான் வெளிக்கிடுறன். என்ர சாமான் பையைத் தாங்கோ.

மரியநேசன்: இரடா. சுசிலா வாறா.

சுசிலா: வந்திட்டுதோ? தள்ளுங்கோ, பாப்பம்... ம். வடிவான பெடியன். பால் மாதிரி முகம்.

மரியநேசன்: ஓம் எண்டு சொல்லிப்போட்டியோ?

சுசிலா: இல்லை.

மரியநேசன்: என்ன இல்லை?

சுசிலா: எங்கட பெட்டைக்கு இஞ்சயே பேசி முடிச்சாச்சு, குறை நினைக்காதேங்கோ, மன்னார்ப் பிள்ளையைப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டன்.

அனிஸ்ரன்: ஆரை... ஆரைப் பேசினது அன்ரி?

சுசிலா: மூண்டு நாளா ஒரு படத்தை இறக்கத் தெரியாத ஒருத்தனை. அவள் மார்கழியிலேயே எனக்குச் சொல்லிப்போட்டாள். நீதான் ஒரு வாய் திறக்கேல்லை. நண்டை மட்டும் திண்டாய்.

மரியநேசன்: அப்ப ஏன் படம், படம் எண்டு எங்கட உயிரை எடுத்தனீ?

சுசிலா: சம்பந்தம் கொண்டு வந்தது றொமேஸ். அம்மாதான் மறிச்சவா எண்டு நாளைக்கு அவன் நினைக்கக் கூடாது. நாலு மணி தப்பினால் தானாப் போயிடும் எண்டிருந்தனான், மாமி விடேல்லை. ஒரு பிள்ளையை உந்தப் பெட்டியில துண்டு துண்டாப் பாக்கிறன், அது போதும். இதையெண்டாலும் முழுசா வீட்டு வாசலால வந்து போகேக்க பாக்க வேணும்.

மரியநேசன்: எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இருந்து என்ன பாடுபட்டு இழுத்தடிச்சம் தெரியுமோ?

சுசிலா: உங்களை நம்பியோ? நீங்கள் பகிடியில ஒருநாள் உளறுவியள். இவன் வெக்கத்தில அவசரப்பட்டு உண்மையாவே திருத்திப்போடுவான் எண்டுதான் எனக்குப் பயம். உப்புத்தண்ணி பட்டால் லைன் செத்துப்போகும், வயருக்குக் கிட்டவும் மீன் போடாதேங்கோ எண்டு அந்த டெலிபோன் கந்தோர்ப் பெடியன் என்னட்டத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னவன்? முற்றம் நிறையக் கருவாட்டுக் கொடி கட்டிக் கிடக்கேக்க, ஆறு கிலோக் கட்டாவைக் கொண்டுபோய் நான் வேற எதுக்கப்பா அந்த வயரில தூக்கினனான்?